கன்றுக்குச் சொன்ன சொல்

"சாமி, மடத்துல ஒரே சத்தமா இருக்குதுங்க."

படித்துறைக் கல்லில் வேட்டியை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்த அடிகள் நிமிர்ந்தார்.

"யாராவது வாயைத் திறந்தாங்களா?"

"வாயை யாருங்க திறந்தா? கைதானுங்க. ஓயாம பேசுது."

அந்த மடத்தில் மதிலுக்குள் வாய் பேசக்கூடாது. பேசித்தான் தீர வேண்டும் என்றால் ஆற்றுக்கு இறங்கும் இந்தப் படித்துறைக்கு வர வேண்டும். இங்கேயும் அடிகளோடு மட்டும்தான் பேசலாம். அப்படிப்பட்ட இடத்தில் சத்தம் தாங்கவில்லை என்று ஒருவர் வந்து நின்றால், கேட்கிறவர் அவருடைய காதைத்தான் சந்தேகப்படுவார்.

அடிகள் சந்தேகப்படவில்லை. வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, "உக்காருங்க" என்றார்.

செங்கோடன் உட்கார்ந்தார். முட்டி சொடுக்கு விட்டது.

அடிகளுக்கு நாற்பது வயதுதான். செங்கோடனுக்கு அறுபது நெருங்குகிறது. சீடர் மூத்தவர், குரு இளையவர் என்பதில் இருவருக்குமே கொஞ்சம் கூச்சம் உண்டு. அதனால் இரண்டு பேருமே மரியாதையை ஒரு பிடி கூடுதலாகவே போட்டுப் பேசுவார்கள்.

செங்கோடன் மாட்டுத் தரகராக இருந்தவர். கொங்குநாட்டுச் சந்தை ஒன்று பாக்கியில்லை. விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை பேச்சு. விற்கிறவனிடம் ஒரு பேச்சு, வாங்குகிறவனிடம் ஒரு பேச்சு, மாட்டின் உடம்பில் இல்லாத சுழியை இருப்பதாகவும் இருக்கிற சுழியை இல்லாததாகவும் ஒரு பேச்சு. துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை முடிக்கும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். செங்கோடன் அப்போதும் பேசிக்கொண்டிருப்பார். பேசிப் பேசி ஒரு நாள் தன் குரலைக் கேட்கவே அவருக்குக் கசந்தது. தொழிலை மகன்களிடம் விட்டுவிட்டு, வாய் பேசாத மடம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார்.

மதிலுக்குள் காலெடுத்து வைத்த அன்று, வெயிலில் நடந்து வந்தவன் ஆற்றில் காலை வைத்தது போல இருந்தது. நல்லவேளை, பிழைத்தோம் என்று நினைத்தார்.

கண் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டார்.

மடத்தை நிறுவிய பெரியவர், வாய்க்குப் பூட்டுப் போட்டாரே தவிர, வயிற்றுக்குப் போடவில்லை. தண்ணீர், சோறு, உப்பு, போதும், வா, போ என்று கைப்பிடியளவு சைகைகளை அனுமதித்தார். அவர் காலத்துச் சீடர்கள் அதோடு நின்றார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது போதவில்லை. அவர்கள் சைகைகளைக் கோத்தார்கள். நடந்து முடிந்ததைச் சொல்லக் கையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினார்கள். நடக்கப்போவதற்கு முன்னால் நீட்டினார்கள். கேள்வி என்றால் புருவம் ஏறியது. நம்பவில்லை என்றால் மூக்கு சுருங்கியது.

இதையெல்லாம் யார் வகுத்தது என்று விசாரித்தால் ஒருவரும் இல்லை. ஆனால் எல்லோரும் ஒன்றுபோலச் செய்தார்கள். புதிதாக வந்தவர் மாற்றிச் செய்தால் பழையவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"நேத்து பந்தியில குழம்புக்கு உப்புப் பத்தலேன்னு ஆரம்பிச்சாங்க சாமி. அங்கிருந்து மாசிலாமணி ஊர்ல நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போச்சு. கடைசியில மாசிலாமணிக்கும் ஆண்டியப்பனுக்கும் சண்டை."

"அடிச்சுக்கிட்டாங்களா?"

"இல்லீங்க. வைதுக்கிட்டாங்க. கையாலயே. பாக்கவே காது கூசுச்சு."

அடிகள் ஆற்றைப் பார்த்துக்கொண்டார். சிரிப்பை மறைக்க ஆறு வசதியாக இருந்தது.

"எனக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்க" என்று செங்கோடன் மாட்டின் வாலை முறுக்குவது போலக் கையை முறுக்கிக் காட்டினார். "இதான் நானாமா."

"எனக்கும் வெச்சிருக்காங்களா?"

"வேண்டாமுங்க சாமி."

"பரவால்ல, சொல்லுங்க."

செங்கோடன் சொல்லவில்லை. அடிகள் யோசனையோடு காதைச் சொறிந்தார். செங்கோடன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"கண்ணை மூடிக்கலாமே" என்றார் அடிகள்.

"மூடினா உள்ள ஓடுதுங்க. கத்துக்கணும்னு நான் ஒரு நாளும் உக்காரல. எப்ப உள்ள வந்துச்சுன்னே தெரியல. குருவி கத்துனா, கத்திட்டுப் போகுதுன்னு விட்டுடறோம். இதை அப்படி விட முடியல. ஒரு விரல் அசைஞ்சா போதும், அர்த்தம் நேரா வந்து நெஞ்சுல உக்காந்துக்குது. புரியாம இருக்கறதுக்கு ஒரு வழி இருந்தா சொல்லுங்க, நான் பேசாம போயிடறேன்."

அடிகள் தோளில் கிடந்த வேட்டியை எடுத்து உதறினார்.

"நான் சலிச்சுப் போயி வந்தவனுங்க" என்றார் செங்கோடன். குரல் இறங்கிவிட்டது. "வாயைக் கட்டின மாதிரி கையையும் கட்டிடுங்க சாமி."

"சரி."

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று செங்கோடன் எதிர்பார்க்கவில்லை.

"இன்னைக்கு மத்தியானம் பந்தியில நீங்களே சொல்லிடுங்க."

"மதிலுக்குள்ள எப்படிங்க பேசறது?"

"கையால சொல்லுங்க" என்றார் அடிகள்.

அன்று பந்தியில் செங்கோடன் எழுந்து நின்றார். வரிசையாக உட்கார்ந்திருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இனிமேல் கையை அசைக்கக்கூடாது, பழைய சைகைகளும் வேண்டாம், தேவையானதைத் தானே எழுந்து எடுத்துக்கொள்ள வேண்டும், இது அடிகள் அனுமதித்தது என்று கையால் சொன்னார். எங்கேயும் தடுமாறவில்லை. நடுவில் ஓரிடத்தில், சட்டத்தை மீறினால் என்ன ஆகும் என்பதைக்கூட முன்னால் கையை நீட்டி அழகாகவே சொன்னார். சொல்லி முடித்ததும் தன் கைகளைப் பார்த்தார். அவருக்கே வெட்கமாக இருந்தது.

மாசிலாமணி ஏதோ சந்தேகம் கேட்கக் கையைத் தூக்கினான். பிறகு இறக்கிக்கொண்டான்.

முதலில் சில நாள் திருட்டுத்தனம் நடந்தது. மேல்துண்டை மடியில் போட்டு, அதற்குள் கையை விட்டுப் பக்கத்தில் இருப்பவன் உள்ளங்கையில் பேசினார்கள். யாரிடம்! துண்டுக்குள் முழங்கை மடங்குவதைப் பார்த்தே விலை சொல்கிற மனிதரிடமா? செங்கோடன் போய் எதிரே நின்றார். அதுவும் அடங்கியது.

அதன்பிறகு வந்த நாட்களைச் செங்கோடன் பாயசம் மாதிரி அனுபவித்தார். மரம் மரமாக இருந்தது. பந்தியில் இலையும் சோறும் மட்டும் இருந்தன. மதியத்தில் மண்டபத்துக் கல்லில் தலையை வைத்தால் தூக்கம் வந்தது. எத்தனையோ வருஷம் கழித்து அவருக்கு உள்ளேயும் ஒன்றும் ஓடவில்லை.

கையைக் கட்டச் சொல்லிக் கேட்ட அன்று அவர் ஒருத்தியை நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்திருந்தாலும் கேட்டிருப்பார் என்பது வேறு விஷயம்.

அவள் பெயர் பாவாயி. சமையற்கட்டில் வேலை. முப்பது தாண்டியவள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. அம்மா இருந்தவரை அம்மாவின் நிழலிலேயே இருந்தாள். அம்மா சித்திரையில் தவறிப்போனாள். ஆடியில் அண்ணன் ராசாக்கண்ணு அவளைக் கூட்டிக்கொண்டு வந்து இதே படித்துறையில் நிறுத்தினான்.

"வேலை எல்லாம் சுத்தமா செய்யுமுங்க சாமி. எதாச்சும் சொன்னாத்தான் ஒண்ணும் ஏறாது. வா, போ, தின்னு, அவ்வளவுதான். எங்கம்மாவே அதுக்கு மேல பழக்கல."

சொல்லிவிட்டுப் போனவன்தான்.

வந்த புதிதில் மடத்துக் கைகள் அசைவது அவளுக்கு ஈ விரட்டுவது போலத்தான் இருந்திருக்கும். ஏறிட்டும் பார்க்கமாட்டாள். ஆண்டியப்பன் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினால் உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பாள். அதுகூட மணியடித்தால் மாடு ஓடிவருகிற பழக்கம் போலத்தான்.

ஒரு நாள் உப்புத் தீர்ந்துவிட்டது. ஆண்டியப்பன் விரலைத் தேய்த்தான். பாவாயி வெறும் ஜாடியைக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினாள். காட்டிவிட்டுத் தானும் விரலைத் தேய்த்தாள். தேய்த்த விரல்களையும் வெறும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜாடியில் உப்பு இல்லை. விரலில் இருந்தது.

ஜாடியை அப்படியே கீழே வைத்தாள். ஓடிப்போய்த் தூணைத் தொட்டாள். புருவத்தை ஏற்றினாள். ஆண்டியப்பன் தூணுக்கு உரியதைக் காட்டினான். துடைப்பத்தைத் தொட்டாள். புளியமரத்தைத் தொட்டாள். பசுவை, படியை, வாளியை, கண்ணில் பட்டதையெல்லாம் தொட்டாள். மடத்துக் கைகள் எல்லாம் சாப்பாட்டை மறந்து அவளுக்குப் பெயர் கொடுத்தன. கடைசியில் செங்கோடனின் மூக்கைப் பிடித்துக் கேட்டாள். அவரும் எரிச்சலோடு ஒன்றைக் காட்டி வைத்தார்.

அப்படிப் பேச ஆரம்பித்த சில மாதத்தில்தான் சட்டம் வந்தது.

அவளுக்கு யார் சட்டத்தை விளக்குவது? செங்கோடன் பந்தியில் நின்று சொன்னதில் பாதி அவளுக்கு எட்டவில்லை. அவள் வழக்கம்போல வந்து கையை அசைத்தாள். எல்லோரும் இலையைப் பார்த்தார்கள். அடுத்தவரிடம் போனாள். அவரும் இலையைப் பார்த்தார்.

பாவாயி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே போய்ச் சாம்பலைப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து, சுத்தமான கைகளால் அதையே மறுபடி கேட்டாள்.

செங்கோடனும் இலையைத்தான் பார்த்தார். சோறு இறங்கவில்லை. ஆனாலும் பார்த்தார்.

சில நாளில் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். கைகள் இரண்டும் தொங்கிப்போயின. தரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். வந்த அன்று இருந்த நடை.

ஒரு மத்தியானம் செங்கோடன் தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்குப் போனார். மாட்டுக் கொட்டகையில் பாவாயி பசுவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். கைகள் வேகமாக ஓடின. தூண், துடைப்பம், புளியமரம், வாளி, உப்பு, மூக்கு. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தூண், துடைப்பம். நடுவில் ஒன்று மறந்துவிட்டது போலிருக்கிறது. கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு முகம் வெளிறி நின்றாள். ஞாபகம் வந்ததும் மூச்சு விட்டாள்.

பசு அசை போட்டுக்கொண்டிருந்தது.

செங்கோடன் தண்ணீர் குடிக்காமலே படித்துறைக்குப் போனார்.

"பாவாயிக்கு மட்டும் கையை அவுத்து விட்டுருங்க சாமி."

"சரி" என்றார் அடிகள். "பாவாயி பேசட்டும்."

செங்கோடன் கும்பிட்டுவிட்டுப் படியேறினார். பாதிப் படியில் நின்றார். திரும்ப இறங்கி வந்தார்.

"அந்தப் புள்ள மட்டும் பேசி என்னங்க பிரயோசனம்? எல்லாரும் கையைக் கட்டிட்டு உக்காந்தா யார்கிட்டப் பேசும்?"

"ஆமா" என்றார் அடிகள்.

"பதில் சொல்ல ஒருத்தராச்சும் வேணுமுங்களே."

"ஒருத்தர் போதும்."

"யாருங்க?"

அடிகள் அவரையே பார்த்தார்.

"நான் சலிச்சுப்போயித்தானுங்க இங்க வந்தேன்" என்றார் செங்கோடன்.

"தெரியும்."

செங்கோடன் படியேறினார். படிகள் அன்றைக்கு அதிகமாக இருப்பது போலத் தோன்றியது.

மறுநாளிலிருந்து பாவாயிக்குக் கையால் பதில் சொல்ல ஆரம்பித்தார். சந்தையில்கூட அவர் அப்படிப் பேசியதில்லை. பல் விளக்கும்போது வந்து நிற்பாள். குளித்துவிட்டு வரும்போது நிற்பாள். எறும்பு எங்கே போகிறது? மேகம் யாருடையது? நேற்று என்பது எங்கே இருக்கிறது? ஒன்றுக்குப் பதில் சொன்னால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வரும். மற்றவர்கள் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு செங்கோடனைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததா, வேண்டும் நன்றாக என்று இருந்ததா என்பதை அவர் ஆராயவில்லை.

நாலு கால் இருந்ததால் கட்டிலையும் பசு என்றாள். செங்கோடன் இல்லை என்று திருத்தினார். மறுநாள் காலையில் வந்து கட்டிலைக் காட்டினாள். பசு என்றாள். அவர் அலுப்போடு கையைத் தூக்குவதற்குள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பால் கறப்பது போல இழுத்துக் காட்டிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கேலி செய்ய அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. செங்கோடனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார்.

மாசியில் மடத்துப் பசு கன்று போட்டது. நோஞ்சான் கன்று. மறுநாள் விடிந்தபோது விறைத்துக் கிடந்தது. பாவாயி அதன் நெற்றியைத் தடவினாள். காதைத் தூக்கிப் பார்த்தாள். செங்கோடன் பக்கம் திரும்பிப் புருவத்தை ஏற்றினாள்.

இதற்கு என்ன பெயர்?

மடத்துக் கைகளில் அந்தச் சொல் இருக்கவில்லை. ஊர்க்கதை எல்லாம் பேசியவர்கள் அதை மட்டும் பேசாமல் விட்டிருந்தார்கள். செங்கோடன் யோசித்தார். பிறகு உள்ளங்கையை மேலே திறந்து காட்டி, மெல்லக் கவிழ்த்து, தரையில் வைத்து, விரல்களை விட்டுவிட்டார்.

பாவாயி அப்படியே செய்தாள்.

சாயங்காலம் சுவரோரம் கிடந்த பல்லியைக் காட்டிக் கையைக் கவிழ்த்தாள். அவர் ஆமாம் என்றார். காய்ந்துபோன துளசியைக் காட்டினாள். கொஞ்சம் தயங்கி, ஆமாம் என்றார். கொடியிலிருந்து விழுந்து கிடந்த துண்டைக் காட்டினாள். இல்லை என்றார். தலையாட்டிக்கொண்டாள். எது உண்டு, எது இல்லை என்று அவளே வேலி போட்டுக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து, காலையில், அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்தாள். செங்கோடன் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவர் முன்னால் வந்து நின்றாள்.

தன் தலைமயிரை வகிர்ந்து பின்னி முடிவது போலச் செய்தாள். அம்மா என்பதற்கு அவளே உண்டாக்கிக்கொண்டது அது. கையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினாள். பிறகு உள்ளங்கையைத் திறந்து, கவிழ்த்து, குனிந்து தரையில் வைத்து, விரல்களை விட்டாள்.

புருவம் ஏறியது.

செங்கோடன் கோடரியைப் போட்டுவிட்டு நடந்தார். நடந்தார் என்பதைவிட ஓடினார் என்பதே சரி.

"கன்னுக்குட்டிக்குத்தானுங்க அதைச் சொன்னேன்!" படித்துறையில் மூச்சிரைத்தது. "சத்தியமா அதுக்கு மட்டுந்தான் சொன்னேன். அம்மாவையும் இதையும் ஒண்ணா வெச்சு நான் காட்டவே இல்ல. மடத்துல யாருமே காட்டல. அந்தப் புள்ள எங்கிருந்துங்க எடுத்துச்சு?"

அடிகள் குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க பேசறதெல்லாம் யாராவது சொல்லிக் குடுத்ததையேதான் பேசறீங்களா?"

செங்கோடன் படியில் உட்கார்ந்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்கம்மா தவறினது அவங்களுக்குத் தெரியாதா?" என்றார் அடிகள்.

"தூக்கிட்டுப் போனதைப் பாத்திருக்கு. எங்க போச்சு, எப்ப வரும்னு யார் அதுக்குச் சொல்ல முடிஞ்சுது? இத்தனை நாளும் வந்துரும்னு இருந்திருக்குதுங்க சாமி. வாசக்கதவு துளி அசைஞ்சாக்கூட அது தலை திரும்பும். நான் பாத்திருக்கேன். எதுக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

அடிகள் துவட்டுவதை நிறுத்தினார்.

"இப்ப அதைக் கேக்குதுங்க."

"யாரைக் கேட்டாங்க?"

"என்னையத்தான்."

"பதில் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்பறம் எங்கிட்ட என்ன வேலை?" என்றார் அடிகள்.

அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். புருவம் இறங்கவில்லை. களைந்த அரிசி குண்டாவில் ஊறிக்கொண்டிருந்தது.

தலையை அசைத்தால் போதும். செங்கோடன் அப்படிச் செய்யவில்லை. அது ஒரு மனுஷியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிற விதம் இல்லை என்று அவருக்குப் பட்டது. இல்லாத மயிரை வகிர்ந்து பின்னினார். கையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினார். உள்ளங்கையைத் திறந்து, கவிழ்த்து, முட்டி வலிக்கக் குனிந்து தரையில் வைத்தார். விரல்களை விட்டார்.

பாவாயி அந்தக் கையையே பார்த்தாள். மெல்ல உட்கார்ந்தாள். பிறகு அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அதில் வார்த்தை ஒன்றும் இல்லை. மதிலுக்குள் ஒரு வாயிலிருந்து சத்தம் வந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. யாரும் எழுந்து வந்து தடுக்கவில்லை.

வெயில் ஏறும்வரை அழுதாள். செங்கோடன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உலை வைக்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் அந்த நாளைச் சொன்னாள். தட்டுத்தடுமாறி, தெரிந்த சைகைகளைக் கோத்து, தெரியாத இடத்தில் நடித்துக் காட்டிச் சொன்னாள். மூங்கிலில் கட்டினார்கள். தூக்கினார்கள். நான் பின்னால் ஓடினேன். பெண்கள் என்னைத் தெருமுனையில் பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள் திரும்பி வந்தார்கள். அம்மா வரவில்லை.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள். ஆண்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவராக அண்ணன் முன்னால் இப்படி நின்றார்கள். இரண்டு கைகளையும் சேர்த்து அவருக்கு நேரே நீட்டினாள். அண்ணன் அந்தக் கைகளைத் தொட்டான். அண்ணனிடம் என்ன கேட்டார்கள்? அவன் என்ன கொடுத்தான்?

துக்கம் விசாரிக்கும் வழக்கம் அது. அதை எந்தக் கையால் விளக்குவது? செங்கோடன் வெகுநேரம் திணறினார்.

அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை என்றார் கடைசியில். அம்மா போய்விட்டாள், எங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் வலிக்கிறது. அதைச் சொன்னார்கள்.

பாவாயி யோசித்தாள். ஆட்காட்டி விரலைத் தன் நெஞ்சில் வைத்தாள்.

என்னிடம் யாரும் நீட்டவில்லை.

செங்கோடன் தலையைக் குனிந்தார். அவள் அவர் முழங்கையைத் தட்டினாள். வகிர்ந்து பின்னிக் காட்டி, அவரைச் சுட்டினாள். உங்கள் அம்மா?

அவர் உள்ளங்கையைக் கவிழ்த்தார்.

அவளுக்கு அது புதிதாக இருந்தது. தன் அம்மாவுக்கு மட்டும் நடந்தது என்று நினைத்திருந்தாள் போலும். அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். நீங்கள் ஓடினீர்களா?

இல்லை என்றார் செங்கோடன். சந்தையில் இருந்தேன். மாடு விற்றுக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்தேன். நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எல்லோரும் தம்பியிடம் கைகளை நீட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் அடுத்த சந்தைக்குக் கிளம்பிவிட்டேன்.

வாழ்நாளெல்லாம் பேசிய மனிதர் இதை ஒருவரிடமும் பேசியதில்லை. சொல்லி முடித்துக் கைகளை மடியில் போட்டுக்கொண்டார். அவ்வளவு அலுப்பு அவருக்கு எந்தச் சந்தையிலும் வந்ததில்லை.

அன்று பந்தி தாமதமாகத்தான் விரித்தார்கள். வரிசையின் தலைப்பில் அடிகள் உட்கார்ந்திருந்தார். கடைசியில் செங்கோடன். எல்லோருடைய கைகளும் சட்டப்படி மடியில் கிடந்தன.

பாவாயி சோற்றுக் குண்டாவோடு வந்தாள். அதை நடுவில் இறக்கி வைத்தாள். பரிமாறவில்லை. அடிகள் முன்னால் போய் நின்றாள்.

வகிர்ந்து பின்னினாள். கையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினாள். உள்ளங்கையைத் திறந்து, கவிழ்த்து, குனிந்து அவர் இலைக்கு எதிரே தரையில் வைத்தாள்.

இந்த முறை புருவம் ஏறவில்லை. அவள் கேட்கவில்லை, சொன்னாள்.

அடிகள் எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் சேர்த்து அவள் முன்னால் நீட்டினார்.

பாவாயி அந்தக் கைகளைத் தொட்டாள். தொட்டுவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

ஆண்டியப்பன் செங்கோடனைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு, அவர் என்ன நினைத்தாலும் சரி என்று எழுந்து கைகளை நீட்டினான். மாசிலாமணி அவள் வருவதற்கு முன்பே எழுந்து நீட்டிக்கொண்டிருந்தான். வரிசை முழுக்க ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் நின்று, சொல்லி, தொட்டு, நகர்ந்தாள். அவசரப்படவில்லை. ஒருவரையும் விடவில்லை.

கடைசியில் செங்கோடன். தூணைப் பிடித்து எழுந்தார். கைகளை நீட்டினார்.

பாவாயி தொடவில்லை.

அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவற்றை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, தன் இரண்டு கைகளையும் சேர்த்து அவர் முன்னால் நீட்டினாள்.